நேற்று வந்தவர்களுக்கு எதற்கு ஓட்டு?
(ஒரு சிந்தனைக் கட்டுரை)



ஆண்டு மலருக்கு "ஏதாவது எழுதிக் குடுப்பா" என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, சாலைப் பாதுகாப்பு பற்றியோ சூரிய ஆற்றல் பற்றியோ எழுதலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் நம் மாணவர் பேரவைப் பொதுக்குழுவில் நடந்த ஒரு விவாதம் என் தலைப்பையே மாற்றிவிட்டது.

உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "ஐ.டி.ஐ.யும் பிளஸ் டூவும் முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் லேட்டரல் என்ட்ரி மாணவர்களுக்கு, சேர்ந்த ஆண்டில் பேரவைத் தேர்தலில் ஓட்டு கூடாது" என்று ஒரு தீர்மானம் வந்தது. "நாம மூணு வருஷம் இங்கேயே கிடக்கிறோம், அவங்க நேத்து வந்தவங்க. வந்த உடனே தலைவரைத் தேர்ந்தெடுக்கணுமா?" என்று ஒருவர் கேட்டார். பலத்த கைதட்டல். கைதட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். நேரமாகிவிட்டதால் தீர்மானம் அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளி வைக்கப்பட்டது.

அந்த வார விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது இதைச் சிரித்துக்கொண்டே என் அப்பாயியிடம் சொன்னேன். அப்பாயி சிரிக்கவில்லை. டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எங்களுக்கும் இப்படித்தான் தம்பி சொன்னாங்க. நேத்து வந்தவங்கன்னு. எங்க பாட்டன் காலத்துலேர்ந்து அங்க இருந்தோம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என் குடும்பம் இலங்கையிலிருந்து வந்த குடும்பம் என்பது தெரியும். ஏன் வந்தோம் என்று மட்டும் நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அதன் பிறகு படித்ததையும் அப்பாயியிடம் கேட்டதையும்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1. போனவர்கள் யார்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெள்ளைக்காரர்கள் இலங்கையின் கண்டி மலைநாட்டில் காப்பித் தோட்டம் போட்டார்கள். வேலைக்கு ஆள் வேண்டும். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளில் பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் நொந்துபோயிருந்த மக்களைக் கங்காணிகள் திரட்டிக்கொண்டு போனார்கள். கடல் தாண்டி மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மலைக்கு நடந்தே போனார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம்.

1869இல் காப்பிச் செடிகளில் இலைத் துரு நோய் கண்டது. சில ஆண்டுகளில் காப்பித் தொழிலே படுத்துவிட்டது. அதற்குள் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் தொடங்கியிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. காப்பி ஆண்டுக்கு ஒரு பருவ வேலை, முடிந்ததும் ஊருக்குத் திரும்பலாம். தேயிலை அப்படியல்ல. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். எனவே போனவர்கள் குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டார்கள். பத்தடிக்கு ஓர் அறை என்று வரிசையாகக் கட்டிய 'லயம்' வீடானது. விடியற்காலை 'பெரட்டு'க்குப் போய்ப் பேர் கொடுப்பது வாழ்க்கையானது. கங்காணியிடம் பட்ட கடனுக்கு எழுதிய 'துண்டு' முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. அதுவரை கடனை அடைக்காமல் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறக்கூட வழியில்லை.

1946 கணக்கெடுப்பின்படி இவர்கள் சுமார் 7,80,000 பேர். நாட்டு மக்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும் பகுதி இவர்கள் பறித்த கொழுந்திலிருந்து வந்தது.

2. ஓட்டு வந்ததும் போனதும்

நம்மில் பலர் அறியாத ஒரு செய்தி: வயது வந்த ஆண், பெண் எல்லாருக்கும் வாக்குரிமை என்பது இலங்கையில் 1931இலேயே வந்துவிட்டது. நமக்கு அது குடியரசான பிறகுதான். தோட்டத் தமிழர்களுக்கு மட்டும் 'நிரந்தரமாகக் குடியிருப்பவரா?' என்று சோதித்துத்தான் கொடுத்தார்கள். இருந்தாலும் ஒரு பெரும் பகுதியினருக்கு ஓட்டுக் கிடைத்தது.

1947 பொதுத் தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுத்த 95 இடங்களில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. இன்னும் பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளர் ஓட்டு இடதுசாரி வேட்பாளர்களுக்குப் போனது. ஆளவந்தவர்களுக்கு இது உறுத்தியது.

1948 பிப்ரவரி 4இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. அதன்படி, இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. உன் அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதை நிரூபிக்கவும் வேண்டும். லயத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் யார் எழுதி வைத்தார்கள்?

1949இல் இரண்டு சட்டங்கள். ஒன்று, இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் மனுப் போட்டுக் குடியுரிமை கேட்கலாம் என்றது. மற்றொன்று, குடிமக்கள் அல்லாதவர்களின் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியது. மனுப் போட்டவர்கள் சுமார் 8,25,000 பேர். கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. ஒரு வருகைப் பதிவேட்டில் இடைவெளி, பெயரில் எழுத்துப் பிழை, ஒரு தடவை ஊருக்குப் போய் வந்தது என்று தள்ளுபடிக்குக் காரணங்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. 1952 தேர்தலில் அந்த மக்கள் சார்பில் ஒருவர்கூட நாடாளுமன்றத்துக்குப் போக முடியவில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சட்டங்கள் துப்பாக்கி முனையில் வந்தவை அல்ல. தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்தில், முறையாக ஓட்டெடுத்து, பெரும்பான்மையில் நிறைவேறியவை. அரசியல் சட்டத்தில், ஓர் இனத்துக்கு மட்டும் பாதகமாகச் சட்டம் செய்யக்கூடாது என்று பிரிவும் இருந்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1953இல் தீர்ப்பு: தன் குடிமக்கள் யார் என்று தீர்மானிப்பது நாடாளுமன்றத்தின் உரிமை, சட்டம் செல்லும். சட்டத்தின் வாசகத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லையல்லவா!

இலங்கைத் தமிழர்களின் கட்சியான தமிழ்க் காங்கிரஸ் இந்தப் பிரச்சினையில் பிளந்தது. அதை எதிர்த்து வெளியேறிய செல்வநாயகம் 1949 டிசம்பரில் தனிக் கட்சி கண்டார். "இன்றைக்கு அவர்களுக்கு, நாளைக்கு நமக்கு" என்ற அவருடைய பயம் வீண்போகவில்லை என்பதை அந்நாட்டின் பிற்கால வரலாறு காட்டிவிட்டது.

3. தலையை எண்ணிப் பங்கு போட்டார்கள்

இந்தியா "அவர்கள் உங்கள் மக்கள்" என்றது. இலங்கை "இல்லை, உங்கள் மக்கள்" என்றது. நடுவில் இருந்தவர்கள் நாடற்றவர்கள்.

1964 அக்டோபர் 30இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியை 1974இல் ஆளுக்கு 75,000 என்று இந்திரா காந்தி காலத்தில் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் அண்டா குண்டாவைப் பிரிப்பது போல! எந்தப் பங்கில் போக விருப்பம் என்று அந்த மக்களை இரண்டு அரசும் முன்கூட்டிக் கேட்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பாயிக்கு 'இந்தியா' கிடைத்தது. அப்பாயியின் அக்கா குடும்பத்துக்கு 'சிலோன்' கிடைத்தது. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்தவர்கள். 1970களில் ஒரு நாள் கோச்சி ஏறித் தலைமன்னார் வந்து, கப்பலில் இராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் இருந்துவிட்டு, மலைக்கு வந்து சேர்ந்தார் அப்பாயி. "கோச்சி கிளம்புறப்ப எங்க அக்கா கூடவே ஓடி வந்தா. பிளாட்பாரம் முடியிற இடத்துல நின்னுட்டா. அதுதான் கடைசியாப் பார்த்தது" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

4. இக்கரையில்

இந்தியாவுக்கு வந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். அவர்களுக்காகவே 1968இல் தமிழக அரசு வனத்துறை மூலம் நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுதான் பின்னாளில் 'டான்டீ' ஆனது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர், வால்பாறைப் பக்கம் போனால் இந்தக் குடும்பங்களைக் காணலாம். கர்நாடகத்தில் ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனவர்களும் உண்டு. அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது நன்றி கெட்ட பேச்சு. வேலை கொடுத்தது, ஓட்டும் கொடுத்தது. அப்பாயி வாழ்க்கையில் முதன்முதலாக ஓட்டுப் போட்டது இங்கே வந்த பிறகுதான்.

ஆனால் ஒரு வேடிக்கை. அங்கே எங்களுக்குப் பெயர் 'இந்தியாக்காரன்'. இங்கே எங்களுக்குப் பெயர் 'சிலோன்காரன்'. மூன்றாம் தலைமுறையான என்னையும் அந்தப் பெயர் விடவில்லை.

பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது சாதிச் சான்றிதழ் வாங்க அப்பாவோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "பூர்வீக ஊர் எது? தாத்தா பேருக்குப் பத்திரம் இருக்கா?" என்றார்கள். எங்களிடம் இருந்தது, தாயகம் திரும்பியோருக்கான பழைய குடும்ப அட்டை மட்டும்தான். அதில் ஊர்ப் பெயர் ஒரு மாதிரி, தாத்தா பெயர் ஒரு மாதிரி. "அந்த ஊருக்கே போய் விசாரிச்சு எழுதி வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் விட்டுப் போன ஊரில் எங்களை யாருக்குத் தெரியும்? அப்பா ஐந்து நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்தார். சான்றிதழ் கையில் வந்தபோது உதவித்தொகைக்கான கடைசித் தேதி போய்விட்டது. முதலாம் ஆண்டுக் கட்டணத்துக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போனது.

1949இல் என் முப்பாட்டனாரிடம் கேட்ட அதே கேள்விதான் இது, நண்பர்களே: "நீ இந்த ஊர்க்காரன் என்பதற்கு என்ன ஆதாரம்?"

5. எதிர்த் தரப்பையும் கேட்போம்

நியாயம் என்றால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். கண்டிச் சிங்கள விவசாயிகளுக்கும் ஒரு குறை இருந்தது. 1840இல் வந்த ஒரு சட்டத்தால், பட்டா காட்ட முடியாத நிலமெல்லாம் அரசுக்குச் சொந்தமானது. அதில் பெரும்பகுதி வெள்ளைக்காரத் தோட்டங்களுக்குப் போனது. தங்கள் கிராமத்தைச் சுற்றி வளர்ந்த தோட்டத்தில் வேற்று மொழி பேசுகிறவர்கள் நிறைந்திருக்க, "நம் தொகுதியில் நாமே சிறுபான்மை ஆகிவிடுவோமோ" என்று அவர்கள் பயந்தார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் நிலத்தை எடுத்தது தோட்ட முதலாளி. தண்டனை கிடைத்ததோ அதே தோட்டத்தில் கூலிக்கு உழைத்தவனுக்கு.

இன்னொரு வாதம்: ஒரு நாட்டுக்கு, யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை கிடையாதா? கண்டிப்பாக உண்டு. வீட்டுக்கு வாசற்கதவு இருப்பது தவறல்ல. ஆனால் கதவுக்கு வெளியே நிற்பவனும், வீட்டுக்குள்ளே மூன்று தலைமுறையாக அடுப்பு எரிப்பவனும் ஒன்றல்ல. முதலாமவனிடம் "உள்ளே வராதே" என்று சொல்லலாம். இரண்டாமவனிடம், "சமைத்துக்கொண்டே இரு, ஆனால் வீட்டு விஷயத்தில் வாயைத் திறக்காதே" என்று சொல்ல முடியுமா? குடியேற்றம் பற்றிய எந்த விவாதத்திலும் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்பது என் தாழ்மையான கருத்து.

6. ஓட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும்?

"ஓட்டு இல்லாட்டி என்ன, சோறு கிடைச்சாச் சரி" என்று சிலர் சொல்வார்கள். சோறும் கிடைக்காது என்பதுதான் வரலாறு சொல்லும் பாடம்.

ஓட்டு இல்லாத மக்களிடம் எந்த வேட்பாளரும் போகத் தேவையில்லை. நாட்டில் மற்ற பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி வளர்ந்தபோது, தோட்டத்துப் பிள்ளைகள் தோட்ட நிர்வாகம் நடத்திய சிறு பள்ளிகளிலேயே இருந்தார்கள். 1970களில்தான் அரசு அந்தப் பள்ளிகளை ஏற்கத் தொடங்கியது. படிப்பு இல்லாததால் பத்து வயதுக்கு மேல் கொழுந்துக் கூடைதான் கதி.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். 1947இல் நுவரெலியாவில் வென்ற சௌமியமூர்த்தி தொண்டமான், மக்கள் ஓட்டில் மீண்டும் வென்றது 1977இல். முப்பது ஆண்டு இடைவெளி! 1978இல் அமைச்சரானார். 1986இல் தோட்டங்களில் வேலையை நிறுத்திப் பிரார்த்தனைப் போராட்டம் நடந்தது. 1986, 1988 சட்டங்கள் வழியாகப் பலருக்குக் குடியுரிமை கிடைத்தது. எஞ்சியவர்களுக்கு 2003இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்து முடிவு கட்டியது. 1948இல் பறித்ததைத் திருப்பிக் கொடுக்க 55 ஆண்டு. அதற்குள் இரண்டு தலைமுறையின் படிப்பு போய்விட்டது. அதை எந்தச் சட்டம் திருப்பிக் கொடுக்கும்?

நம் பாடத்தில் சொல்வது போல, அஸ்திவாரத்தில் விட்ட பிழையைப் பூச்சு வேலையில் மறைக்கலாம், சரிசெய்ய முடியாது. இன்றும் மலையகத்தில் லயத்து வாழ்க்கை முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.

7. நம் வீட்டு வாசலில்

இலங்கையைக் குறை சொல்லி முடித்துக்கொண்டால் அது சுலபமான வேலை. நம் பக்கம் என்ன நிலை?

1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்களில் மலையகத் தமிழர்களும் உண்டு. தமிழகத்தில் அவர்கள் இருக்கும் முகாம்களுக்கு 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள். அங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், நம்மைப் போலப் படித்தும், ஓட்டு இல்லாத நம் வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்கு வழி செய்தது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை.

திருப்பூர், கோவை, ஓசூர்ப் பக்கம் பயிற்சிக்குப் போன நண்பர்களுக்குத் தெரியும், பீகார், ஒடிசா தொழிலாளர்கள் இல்லாமல் இன்று பல யூனிட்கள் ஓடாது. அவர்கள் வெளிநாட்டார் அல்ல, இந்தியக் குடிமக்கள். ஆனால் பலருக்கு ஓட்டு இருப்பது ஆயிரம் மைலுக்கு அப்பால். அதனால் எந்தக் கவுன்சிலரும் அவர்கள் தங்கும் அறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பதில்லை. 2023 தொடக்கத்தில் அவர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, எத்தனை பேர் பயந்துபோய் ரயில் ஏறினார்கள்!

நாமும்தான் நாளைக்குப் போகப் போகிறோம். துபாய், சிங்கப்பூர் என்று டிப்ளமோவைத் தூக்கிக்கொண்டு போகாத குடும்பம் எது? அங்கே நாம் கட்டும் பாலத்தில் நமக்கு உரிமை கேட்கமாட்டோம்தான். ஆனால் சம்பளத்தைப் பிடித்துவைத்தால் கேட்க ஒரு வாசல், மரியாதையாக ஒரு பார்வை, இவ்வளவாவது எதிர்பார்ப்போம் அல்லவா? நாம் எதிர்பார்ப்பதைப் பிறருக்குக் கொடுக்கிறோமா?

8. முடிவாக

அரசாங்கம் எதற்கு? பெரும்பான்மையினர் நினைத்ததை நிறைவேற்ற மட்டும் என்றால், அதற்குத் தேர்தல்கூடத் தேவையில்லை, பலம் போதும். தன் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறவன் ஒவ்வொருவனுக்கும் "நான் இதை ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்ல ஒரு வாய் கொடுப்பதுதான் ஜனநாயக அரசின் வேலை என்று நான் புரிந்துகொண்டேன். யாருக்கு ஓட்டு என்பதையே ஓட்டுப் போட்டுக் குறைத்துக்கொண்டே போனால், கடைசியில் மிஞ்சுவது யார்?

நம் தீர்மானத்துக்கு வருகிறேன். லேட்டரல் என்ட்ரி நண்பர்கள் பேரவைக் கட்டணம் நம்மைப் போலவே கட்டுகிறார்கள். அதே ஒர்க்‌ஷாப்பில் அதே பைலைப் பிடித்து அதே இரும்பை ராவுகிறார்கள். விடுதியில் அதே சாம்பாரைத்தான் சாப்பிடுகிறார்கள். பேரவை எடுக்கும் முடிவு அவர்களையும் கட்டும். நாம் ஒரு வருஷம் முன்னால் வந்தோம் என்பது உண்மை. ஆனால் முன்னால் வந்தது ஒரு தேதிதான்; தகுதி ஆகிவிடாது.

பேரவைத் தேர்தலும் நாட்டுக் குடியுரிமையும் ஒன்றா என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றல்ல. ஓராண்டு ஓட்டுப் போனால் யாரும் நாடற்றவர் ஆகிவிடமாட்டார். ஆனால் பழக்கம் சின்ன விஷயத்தில்தான் தொடங்குகிறது. 18 வயதில் ஓட்டு என்பது 1989இல் தான் நம் நாட்டில் வந்தது. அதற்கு முன் 21. "சின்னப் பசங்களுக்கு எதற்கு ஓட்டு?" என்று அன்றைக்கும் யாராவது கேட்டிருப்பார்கள்!

அடுத்த பொதுக்குழுவில் நான் அந்தத் தீர்மானத்துக்கு எதிராகக் கை தூக்குவேன். போன முறை கைதட்டியதற்கு இது என் பிராயச்சித்தம். நீங்களும் யோசித்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கட்டுரையை அப்பாயிக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரி தம்பி. புதுசா வந்த புள்ளைகள்ல யாராச்சும் உன்கூடச் சாப்பிட உக்காந்திருக்கா?" என்றார். இதுவரை இல்லை என்றேன். "அப்ப மொதல்ல அதைச் செய்யி" என்றார்.

விடுதியில் எங்கள் மேசையில் இப்போது ஒரு நாற்காலி கூடுதலாகப் போட்டிருக்கிறோம்.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. முறையாக ஓட்டெடுத்து நிறைவேறிய சட்டம் அநியாயமாக இருக்க முடியுமா? அப்படியானால் அதைத் தடுக்க என்ன வழி?
2. ஒரு நாட்டில் எத்தனை ஆண்டு உழைத்தால் ஒருவன் அந்த நாட்டுக்காரன்?
3. காகிதம் இல்லாதவனிடம் காகிதம் கேட்கும்போது, அந்தக் காகிதத்தைக் கொடுக்காமல் விட்டது யார் குற்றம்?
4. நம் வகுப்பில், நம் தெருவில், 'நேற்று வந்தவர்' யார்? அவருடைய பெயர் நமக்குத் தெரியுமா?

— மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை